வாசலுக்கு வந்த அமானிதம்

எங்கள் ஊரில் பூனை வராத வீடு குறைவு. பூனைக்குப் பொறுப்பான ஆள் இருக்கும் வீடு அதைவிடக் குறைவு.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. காலையில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு பூனைகள் மதில்களின் மேல் வந்து நிற்கும். மீன் வெட்டும் இடத்தில் செவுளும் குடலும் கிடைக்கும். பகலில் மிச்சச் சோறு கிடைக்கும். யாரும் அவற்றை அடித்து விரட்டுவதில்லை. பூனைகளிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று மார்க்கம் சொல்வதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் பூனைகளில் ஒன்றைக் காட்டி, "இது யாருடைய பூனை?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "அது சும்மா வாற பூனை."

இந்தச் "சும்மா வாற" என்ற சொல்லை நாம் கைவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததையே சாட்சியாக வைக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலத்தில், மழையில் நனைந்து எங்கள் குசினி வாசலுக்கு ஒரு குட்டி வந்தது. வெள்ளை நிறம், வாலில் மட்டும் மண்ணிறம். தம்பி அதற்குச் "சீனி" என்று பெயர் வைத்தான். மூன்று வருடமாக எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டது. எங்கள் கதிரையில்தான் தூங்கியது. நான் பாடம் படிக்கும்போது கொப்பியின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். ஆனால் ஒருநாளாவது அதை வைத்தியரிடம் கொண்டு போனதில்லை. கொண்டு போக வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

சென்ற நோன்புப் பெருநாள் இரவு ஒழுங்கையில் பையன்கள் வெடி கொளுத்தினார்கள். சீனி முற்றத்தில் இருந்தது. முதலாவது வெடிக்கு வெருண்டு ஓடப் பார்த்தது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தம்பி பாய்ந்து பிடித்தான். இரண்டாவது வெடி வெடித்ததும் அவனுடைய கையைக் கடித்துவிட்டு, மதிலைத் தாண்டி இருட்டுக்குள் மறைந்துவிட்டது.

உம்மா ஓடி வந்து காயத்தில் மஞ்சளைப் பூசினார். அது எங்கள் முதலாவது பிழை. மறுநாள் காலை வைத்தியசாலைக்குப் போனபோது, கடிபட்ட உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும் என்று தாதி சொன்னார். பிறகு டொக்டர் மூன்று கேள்விகள் கேட்டார். யாருடைய பூனை? விசர்நாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா? பூனை இப்போது எங்கே?

உம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அது சும்மா வாற பூனை டொக்டர்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்று வருடம் எங்கள் கதிரையில் தூங்கிய பூனை, பொறுப்பு என்று வந்ததும் ஒரு நிமிடத்தில் ஊர்ப் பூனையாகிவிட்டது. உம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான்.

நீர்வெறுப்பு நோய் என்றும் சொல்லப்படும் விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பூனையாலும் அது பரவும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்டதும் உரிய சிகிச்சை எடுத்தால் அந்த நோயை முழுமையாகத் தடுக்கலாம். கடித்த பூனை வீட்டில் இருந்தால் அதைச் சில நாட்கள் கண்காணிக்கலாம். சுகமாக இருந்தால் மனதுக்கு ஆறுதல். எங்களிடம் தடுப்பூசி அட்டையும் இல்லை, பூனையும் இல்லை. தம்பி ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றிரவு, உம்மா தூங்காமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "ராத்தா, சீனிக்கு வருத்தமா?" என்று அவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் தேடத் தொடங்கினோம். மீன் சந்தைக்குப் போனோம். கடற்கரைக்குப் போனோம். பிரதான வீதிக்கு அந்தப் பக்கமும் விசாரித்தோம். நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை. பிறகு என் வகுப்புத் தோழி ஒருத்தி, பயந்த பூனை தூரம் போகாது, பக்கத்தில் எங்காவது ஒளிந்துகொண்டு சத்தமே போடாமல் இருக்கும், ஊர் அடங்கிய நேரத்தில் தேடுங்கள் என்றாள்.

ஐந்தாம் நாள் சுபஹுக்கு முன்பு வாப்பாவும் நானும் டோர்ச்சோடு இறங்கினோம். மதிலோரமாக ஒவ்வொரு வளவாகப் பார்த்தோம். மூன்றாவது வீட்டில் மேல் மாடி கட்டி முடியாமல் கிடக்கிறது. படிக்கட்டின் கீழ் சீமெந்துப் பைகளும் பலகைகளும் அடுக்கியிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் உள்ளே இரண்டு கண்கள் மின்னின. "சீனி" என்று கூப்பிட்டேன். மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. வாப்பா சாரனோடு மண்ணில் முழங்கால் போட்டு, பலகையை நகர்த்தி அதை வெளியே எடுத்தார். பாதி எடையாகிவிட்டது போல இருந்தது. நாங்கள் கடற்கரை வரை தேடிய ஐந்து நாளும் அது எங்கள் குசினியிலிருந்து மூன்று வீடு தள்ளித்தான் இருந்திருக்கிறது.

பிறகுதான் வாசித்தேன். காணாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. திரும்பக் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, கடைசியாக இருந்த இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுப் பூனை காணாமல் போனால் முதலில் சந்தைக்கு ஓடாதீர்கள். அயல் வீட்டுக் கராஜ், விறகு மடுவம், கூரையின் உட்பக்கம், கட்டி முடியாத வீடு, கிணற்றடி, பூட்டிய கடையறை, இவற்றைப் பாருங்கள். அயலவரிடம் சாவியோடு வந்து திறந்து காட்டும்படி கேளுங்கள். "எங்கட பக்கம் வரல்ல" என்ற பதிலை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள். அவர்களுக்கே தெரியாமல் அங்கே இருக்கலாம்.

சீனி வந்த பிறகு, இரவில் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றேன். மூத்தம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பூனைய அடச்சி வெச்ச பொம்புளட கதை தெரியாதா என்ட கிளி? வாயில்லா சீவன், தொறந்து உடு மகள்" என்றார்.

மூத்தம்மா சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பூனையை அடைத்து வைத்ததனால் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நான் அதை மீண்டும் எடுத்து வாசித்தேன். எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடமும் கேட்டேன். அந்தப் பெண் பூனையை அடைத்தாள், அதற்கு உணவு கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அடைத்து வைத்துப் பட்டினி போட்டதுதான் அவளுடைய குற்றம். உணவும் தண்ணீரும் கொடுத்து, வெடியிலிருந்தும் வாகனத்திலிருந்தும் காப்பதற்காக இரவில் உள்ளே வைப்பது அதுபோன்றதல்ல. ஆசிரியை சொன்ன இன்னொரு விஷயம் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது நாம் எல்லோரும் அவள் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்கிறோமாம்.

இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவித்தார்கள். திர்மிதி, அபூதாவூத் ஆகிய கிரந்தங்களில் இது உண்டு. நம்மைச் சுற்றி வருவது என்றால் வீட்டோடு சேர்ந்தது என்றுதான் எனக்குப் புரிகிறது. நாமோ அதைச் "சும்மா வாற பூனை" ஆக்கிவிட்டோம்.

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆறாம் தரத்தில் படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்புப் பூனை வந்து போகும். மூன்றாவது தடவையாக அது அலுமாரிக்கு மேலே குட்டி போட்டது. நான்கு குட்டிகள். கண் திறந்து ஓரிரு நாள்தான் இருக்கும். வாப்பா அவற்றை ஓர் உரப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் மீன் சந்தைப் பக்கம் கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்து பையை மடியில் பிடித்திருந்தவள் நான். "மீன் இருக்கிற இடம், பொழச்சிக்கும்" என்றார் வாப்பா. நானும் நம்பினேன். தாய்ப்பால் குடிக்கும் குட்டி மீன் சந்தையில் எப்படிப் பிழைக்கும்? குறைந்தது எட்டு வாரமாவது அது தாயோடு இருக்க வேண்டும். அந்தப் பையின் சூடு இன்னும் என் நினைவில் இருக்கிறது. தாய்ப் பூனை அலுமாரிக்கு மேலே ஏறி இறங்கிக் கத்திய சத்தமும் நினைவில் இருக்கிறது.

விலங்குகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் கொண்டு போகப்படும் ஒவ்வொரு பையையும் எந்த அதிகாரியும் அவிழ்த்துப் பார்க்க முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கான வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெண் பூனை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பட முடியும். சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று தடவைகூட ஈனலாம். சத்திரசிகிச்சை செய்த பூனை துணை தேடித் தூரமாக அலைவதும் சண்டையில் காயப்படுவதும் குறையும். ஆகவே தொலைந்து போவதும் குறையும். இதன் மார்க்கச் சட்டம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவை இருந்து, பூனைக்குத் தீங்கும் இல்லையென்றால் கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கையான மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். கேட்கும்போது கருத்தடையைப் பற்றி மட்டும் கேட்காமல், உரப்பையைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

பெற்றோரின் இன்னொரு பயத்தையும் இங்கே பேச வேண்டும். குமர்ப் பிள்ளைகள் பூனையைத் தூக்கக்கூடாது, முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளை தங்காது என்று என்னிடமே பல மாமிமார் சொல்லியிருக்கிறார்கள். பூனை முடியால் மலட்டுத்தன்மை வருவதில்லை. இந்தப் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அது வேறு. டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறக்கூடும். கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால் அது சிசுவைப் பாதிக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். எனவே மலத்தை நாளாந்தம் அகற்றுவதும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமல் விடுவதும் போதுமான பாதுகாப்பு. சரியாக வேகாத இறைச்சியாலும் அது தொற்றும் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. தொய்வு உள்ளவர்களின் விடயம் வேறு. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் பூனையைப் படுக்கையறைக்குள் விடக்கூடாது. வைத்தியரின் ஆலோசனையும் வேண்டும்.

அன்பினால் செய்யும் பிழைகளும் உண்டு. மீன் ஆணம் ஊற்றிய சோற்றைத்தான் நாம் பூனைக்கு வைக்கிறோம். அந்த ஆணத்தில் உள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். மனிதரைப் போல வெறும் சோற்றில் பூனை வாழ முடியாது. டோரின் என்ற பொருளைப் பூனையின் உடல் போதிய அளவில் தயாரிக்காது, மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். ஆகவே ஆணம் வைப்பதற்கு முன்பே ஒரு துண்டு மீனை உப்பும் தூளும் போடாமல் அவித்து, முள்ளை எடுத்து வைத்துவிடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, சுத்தமான தண்ணீரே போதும். மிக முக்கியமானது இன்னொன்று. பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு குளிசையே அதன் உயிரை எடுக்கக்கூடும்.

"மனிசனுக்கே சாப்பாடு கஷ்டம், இதில பூனைக்கு ஊசியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் வரிசைகளில் நின்றவர்கள் நாங்களும்தான். அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டின் உணவு வாங்குங்கள், விலை உயர்ந்த பாரசீகப் பூனை வளருங்கள் என்று நான் சொல்லவில்லை. அயலில் உள்ள எல்லாப் பூனைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. தினமும் உங்கள் வாசலில் சாப்பிடும் ஒரு பூனையை உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். சீனிக்குப் போட்ட தடுப்பூசிக்குச் செலவானது எனக்கு எடுத்த பெருநாள் உடுப்பின் விலையைவிடக் குறைவு. உங்கள் பகுதிக்கு இலவசத் தடுப்பூசி முகாம் எப்போது வருகிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்று மாத வயதில் முதலாவது தடுப்பூசி, பிறகு வருடா வருடம். செலவே இல்லாத வேலைகளும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் சீனிக்கு இராச் சாப்பாடு. தம்பி ஒரு தகரப் பேணியைத் தட்டுவான். எங்கே இருந்தாலும் அது ஓடி வரும், பிறகு விடியும் வரை வெளியே விடுவதில்லை. குசினி மூலையில் மணல் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது என் வேலை. கழுத்தில் வாப்பாவின் தொலைபேசி எண் எழுதிய பட்டி இருக்கிறது. எங்காவது மாட்டிக்கொண்டால் தானாகக் கழன்றுவிடும் பட்டியையே தேடி வாங்கினோம். தொலைபேசியில் அதன் தெளிவான படம் ஒன்று இருக்கிறது. கிணற்றுக்கு வலை போட்டாயிற்று. வாப்பா மோட்டார் சைக்கிளையோ, மாமா ஆட்டோவையோ எடுக்குமுன் கீழே ஒரு தடவை குனிந்து பார்ப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் இரவில் யன்னல்களைச் சாத்தி, சீனியை என் அறையில் வைத்துக்கொண்டேன். வெடிச் சத்தம் கேட்டபோது கட்டிலுக்குக் கீழே போனது. மதிலைத் தாண்டவில்லை.

தம்பிக்கு அல்லாஹ்வின் உதவியால் ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் சொன்ன எல்லா நாட்களிலும் போய் ஊசி போட்டுக்கொண்டான். கண்காணித்த நாட்கள் முழுவதும் சீனியும் சுகமாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் வாப்பா அதை ஒரு கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

ஊசி போட்டு முடிந்ததும் வைத்தியர் ஓர் அட்டையை எடுத்தார். பிராணியின் பெயர் என்ற இடத்தில் "சீனி" என்று எழுதினார். அடுத்த வரி, உரிமையாளரின் பெயர். வைத்தியர் பேனையோடு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். நான்கு குட்டிகளை உரப்பையில் கொண்டு போனவரும் வாப்பாதான், சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டவரும் வாப்பாதான். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தன்னுடைய பெயரைச் சொன்னார்.

தோழிகளே, பெற்றோர்களே, நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். உங்கள் வாசலுக்கு வரும் பூனைக்கு எதிரில் ஒரு பெயரை எழுதுங்கள். ஊசியும் சாப்பாடும் இரவில் சாத்தும் கதவும் அந்தப் பெயருக்குப் பின்னால் தானாக வரும். நாளை மறுமையில் நம் பொறுப்பில் இருந்தவற்றைப் பற்றிக் கேட்கப்படும்போது, "அது சும்மா வாற பூனை" என்று சொல்ல வேண்டிய நிலை நமக்கு வராதிருக்கட்டும்.